சட்டைக்குள் விழுந்த காலி உறை: ஒரு விரைவுச் சுடுதல் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒரு சுடும் சங்கத்தின் உள்ளரங்கில், ஒரு சனிக்கிழமை மாலைப் பயிற்சியில் நடந்தது இது. யாருக்கும் அடிபடவில்லை. தவறாக ஒரு குண்டுகூடப் பாயவில்லை. இருந்தும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்று ரேஞ்ச் ஆபிசராக, அதாவது சுடுகளத்தைக் கவனிக்கும் பொறுப்பாளராக, பின்னால் நின்றவன் நான்தான். சங்கத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்மவர்கள் பலர் தேசிய சேவையில், அதாவது கட்டாயப் படைச்சேவையில், துப்பாக்கி பிடித்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும்.

அன்று எடுத்துக்கொண்டது ஸ்டாண்டர்ட் பிஸ்டல் பயிற்சி. தூரம் 25 மீட்டர், தோட்டா .22 லாங் ரைஃபிள் (பெயரில் ரைஃபிள் இருந்தாலும் பிஸ்டலிலும் போடும் சின்னத் தோட்டா). இந்தப் போட்டியில் மூன்று வேகங்கள் உண்டு. ஐந்து தோட்டாவை 150 வினாடிக்குள் சுடுவது முதல் வேகம், 20 வினாடிக்குள் சுடுவது இரண்டாவது, 10 வினாடிக்குள் சுடுவது மூன்றாவது. ஒலிம்பிக்கில் இருக்கும் ரேபிட் ஃபயர் பிஸ்டல் இதைவிடக் கடுமையானது. அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஐந்து இலக்குகளுக்கும் தலா ஒன்றாக ஐந்து குண்டு போக வேண்டும். முதலில் 8 வினாடி, பிறகு 6, கடைசியில் 4. அதற்குத் தயாராகிறவர்கள் முதலில் இந்த 10 வினாடியில்தான் பழகுவார்கள்.

வலது ஓரத்தில், சுவரை ஒட்டிய தடத்தில் (ஒருவர் நின்று சுடும் இடம்) நின்றவர் ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் 'அங்கிள்', எனக்கு மட்டும் 'அண்ணன்'. நல்ல சுடுநர். புதிதாக வரும் பிள்ளைகளை உட்காரவைத்து, ஹங்கேரியின் கரோலி தகாச் கதையைச் சொல்வார். 1938-இல் ராணுவப் பயிற்சியில் கையெறி குண்டு வெடித்து தகாச்சின் வலது கை பாழானது. இடது கையால் சுடப் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ரேபிட் ஃபயரில் தங்கம் வென்றார். அண்ணன் சொல்லக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் இன்னொரு சுற்று சுட வேண்டும் என்று தோன்றும். அப்படிப்பட்டவர் அன்று தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலிருந்து நேராக வந்திருந்தார். உடம்பில் ஜிப்பா, கழுத்துப் பொத்தான் இரண்டும் திறந்திருந்தன.

நான் அந்த ஜிப்பாவைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆறு வினாடி

150 வினாடிச் சுற்றுகளும் 20 வினாடிச் சுற்றுகளும் முடிந்திருந்தன. 10 வினாடிச் சுற்று தொடங்கியது. "லோட்" என்றேன். எல்லோரும் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய கூட்டை, போட்டார்கள், ஆளுக்கு ஐந்து தோட்டா. பிறகு "அட்டென்ஷன்". சிவப்பு விளக்கு எரிந்தது. கைகள் 45 பாகைக்குக் கீழே சரிந்து காத்திருந்தன. ஏழு வினாடி கழித்துப் பச்சை வந்தது. கைகள் உயர்ந்தன.

அண்ணனின் முதல் இரண்டு குண்டும் சீராகப் போயின. மூன்றாவது குண்டு போனதும் வெளியே தெறித்த தோட்டாவின் காலி உறை வலப்பக்கச் சுவரில் மோதி, திரும்பி வந்து, ஜிப்பாவின் திறந்த கழுத்துக்குள் விழுந்தது. பித்தளை உறை, சற்று முன்புதான் உள்ளே மருந்து எரிந்தது. சுடத்தானே செய்யும். அவருடைய இடது கை கழுத்துக்குப் பாய்ந்தது. தோள் இடப்பக்கம் முறுகியது. தோள் போன பக்கம் வலது கை போனது, கை போன பக்கம் துப்பாக்கி போனது. அடுத்த தடத்தில் ஓர் அம்மா தன் நாலாவது குண்டுக்குக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. துப்பாக்கியின் முனை அவருடைய விலாப் பக்கத்தைக் கடந்து போவதை நான் பார்த்தேன்.

"ஸ்டாப்!"

நான் கத்தியதும் எல்லோரும் நின்றார்கள், அண்ணனும் நின்றார். அதற்குள் துப்பாக்கி மறுபடி முன்பக்கம் திரும்பியிருந்தது. பச்சை விளக்கு வந்ததிலிருந்து இதுவரை ஆறு வினாடி இருக்கும். முனை தப்பான பக்கம் இருந்த நேரம் ஒரு வினாடிகூட இராது.

துப்பாக்கியை மேசைமேல் வைக்கச் சொல்லி நானே காலி செய்தேன். மேகசினில் ஒரு தோட்டா, சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராக, ஒரு தோட்டா. அரைத் தானியங்கி பிஸ்டலின் குணமே இதுதான். ஒரு குண்டு போன மறுகணமே அடுத்ததை அது தானாக ஏற்றிக்கொண்டு தயாராக நிற்கும். விசைக்கு வேண்டியது ஒரு கிலோ எடையளவு அழுத்தம். பதறிப்போன கை மூடிக்கொள்ளும்போது வரும் அழுத்தம் அதைவிட எத்தனையோ மடங்கு. அண்ணனின் விரல் எங்கே இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியலப்பா" என்றார். அந்தப் பதில்தான் என்னை உலுக்கியது.

பின்னோக்கிப் போனால்

அடுத்த ஒரு வாரம் இதைத் தோண்டிப் பார்த்தோம். எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசினேன். முதலில் எல்லோர் வாயிலும் வந்த விளக்கம் வேகம். 10 வினாடி என்பதால்தான் இப்படி ஆயிற்று, கொஞ்ச நாளைக்கு விரைவுச் சுற்றை நிறுத்திவைப்போம் என்றார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குத் துப்பாக்கி வாடகைக்குத் தரும் வெளிநாட்டு அரங்குகள் பலவற்றில், வினாடிக்கு ஒரு குண்டுக்கு மேல் கூடாது என்று பலகையே எழுதி வைத்திருப்பார்கள். பழக்கமில்லாத கையில் அந்த விதிக்குக் காரணம் உண்டு. சுட்டதும் வரும் உதைப்பில் முனை மேலே ஏறும். அது கீழே இறங்கும் முன்பே அடுத்த விசையை இழுத்தால் குண்டு கூரைத் தடுப்பிலோ இலக்கைச் சுமக்கும் கம்பியிலோ போய் அடிக்கும். ஆனால் அண்ணன் அன்று சுட்டதும் இரண்டு வினாடிக்கு ஒரு குண்டுதான். அந்தப் பலகை விதிப்படி பார்த்தாலும் அவர் மெதுவாகத்தான் சுட்டிருக்கிறார்.

எனக்குப் புரிந்தது வேறு. வேகம் புதிதாக ஒரு தப்பைக் கொண்டுவரவில்லை. நிதானமாகச் சுடும்போதும் அதே தப்புகள் இருந்தன. அப்போது இன்னொருவர் கவனித்துச் சொல்லவோ, நாமே சுதாரிக்கவோ ஓர் இடைவெளி இருந்தது. விரைவுச் சுற்றில் அந்த இடைவெளி இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். அதனால் யோசிக்க வேண்டிய எல்லாவற்றையும் "லோட்" என்ற சொல்லுக்கு முன்பே யோசித்து முடித்திருக்க வேண்டும். பச்சை விளக்குக்குப் பிறகு யாருக்கும் யோசிக்க நேரம் கிடையாது, கத்தின எனக்கும் சேர்த்துத்தான்.

அந்தக் கண்ணோடு பார்த்தபோது ஒவ்வொன்றாக வெளிவந்தது.

முதலில் உடை. கழுத்தை ஒட்டிய சட்டை போட வேண்டும் என்பது சுடுகளத்தில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. விளிம்பு வைத்த தொப்பியும் அதே காரணத்துக்குத்தான். கண்ணாடிக்கும் நெற்றிக்கும் நடுவில் உறை சிக்கினால் அது இன்னும் மோசம். புதியவர் யாராவது அகலக் கழுத்துச் சட்டையோடு வந்தால் நான் உடனே மாற்றச் சொல்வேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது சுவர். 25 மீட்டர் சுடுகளங்களில் ஒவ்வொரு தடத்துக்கும் நடுவில் ஒளி ஊடுருவும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பக்கத்தில் இருப்பவர்மேல் உறை தெறிக்காமல் அது காக்கும். ஆளை மறைக்காமலும் இருக்கும், அதனால் ரேஞ்ச் ஆபிசர் எல்லோரையும் பார்க்க முடியும். எங்கள் அரங்கிலும் தடுப்புகள் இருந்தன. எல்லாம் பக்கத்து ஆளைக் காப்பாற்றத்தான். ஓரத் தடத்தில் நிற்பவருடைய சொந்த உறை சுவரில் பட்டு அவர்மேலேயே திரும்பும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அன்றிரவு அந்தத் தடத்தின் தரையைப் பார்த்தேன். மற்ற தடங்களில் உறைகள் வலப்பக்கமாகச் சிதறிக் கிடந்தன. அங்கே மட்டும் பாதி உறைகள் நிற்பவரின் காலடியிலேயே கிடந்தன. எத்தனை மாதமாக அப்படிக் கிடந்ததோ! பெருக்குகிறவர் தினமும் பார்த்திருப்பார், நாங்கள்தான் பார்க்கவில்லை.

மூன்றாவது தேசிய சேவைப் பழக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாதுகாப்பு என்றால் என்ன என்று நமக்குக் கற்றுக்கொடுத்ததே அந்தக் களம்தான். சுட்டு முடித்து, கையில் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று அதிகாரியின் முன்னால் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொருவரும் களத்தைவிட்டு நகர்வோம். அந்தப் பழக்கம் இன்றும் என் எலும்பில் இருக்கிறது. ஆனால் அங்கே பிடித்தது ரைஃபிள். அண்ணன் காலத்தில் எம்16, இப்போதைய தம்பிகளுக்கு எஸ்ஏஆர் 21. இரண்டு கையும் அதன்மேல் இருக்கும். ஒரு கை பதறினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பிஸ்டல் போட்டியிலோ ஒரே கைதான். குழலும் குட்டை. மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினால் போதும், முனை பக்கத்து ஆளைப் பார்த்து நிற்கும். ரைஃபிளில் பத்து வருடம் பழகியவருக்கும் பிஸ்டலில் முதல் நாள் முதல் நாள்தான். 'நான் ஆர்மியில சுட்டவன்' என்று சொல்லிக்கொண்டு வரும் தம்பிகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் பார்த்தது

நாலாவதாக வெளிவந்ததுதான் இந்த ஆய்வின் நடு. அன்று பின்வரிசையில் தன் முறைக்காக ஒரு பாலிடெக்னிக் மாணவி உட்கார்ந்திருந்தாள். வயது பதினேழு. நான் விசாரிப்பதைக் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அண்ணா, நான் முன்னாடியே பாத்தேன்."

20 வினாடிச் சுற்று முடிந்தபோது அண்ணன் பக்கத்துத் தடத்து இலக்கை எட்டிப் பார்த்திருக்கிறார். முகம் திரும்பிய பக்கம் துப்பாக்கியும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. விரல் விசை வளையத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. துப்பாக்கியைக் காலி செய்யச் சொல்லி "அன்லோட்" என்று நான் சொல்வதற்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் இடது ஓரத்தில் வேறொருவரின் சிக்கலைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா சொல்லல?"

"அங்கிள்கிட்ட எப்படி அண்ணா சொல்றது? அவர்தான எனக்கே சொல்லிக் குடுத்தாரு."

இதற்கு என்ன பதில் சொல்வது? நம் வீடுகளில் பெரியவர் தப்பாக ஒன்று செய்தால் பிள்ளைகள் நேராகச் சொல்வதில்லை. சுற்றி வளைத்து, சிரித்து, அம்மா மூலமாகச் சொல்வார்கள். அது நல்ல வழக்கம், வீட்டில் இருக்கட்டும். சுடுகளத்தில் சுற்றி வளைக்க நேரம் கிடையாது. 'அங்கிள், கொஞ்சம் பாருங்க' என்று மரியாதையோடு தொடங்கினால், 'அங்கிள்' முடிவதற்குள் முனை திரும்பியிருக்கும்.

யோசித்துப் பார்த்தால், "ஸ்டாப்" என்ற அந்தக் கட்டளை ஆங்கிலத்தில் இருப்பது நம்மவர்களுக்கு ஒரு வசதி. தமிழில் 'நிறுத்து' என்பதா, 'நிறுத்துங்க' என்பதா என்று நாக்கு ஒரு கணம் தடுமாறும். "ஸ்டாப்" என்பதற்கு வயதும் இல்லை, உறவும் இல்லை. ஆபத்தைப் பார்த்த யாரும் அதைச் சொல்லலாம், சொன்னதும் எல்லோரும் நிற்க வேண்டும். எல்லாச் சுடுகளங்களிலும் எழுதி வைத்திருக்கும் விதிதான் இது. எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதைச் சொல்லும் தைரியத்தைப் பெரியவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பெண் எனக்குப் புரியவைத்தாள். நானே ஜிப்பாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன்தானே. அவளுக்கு இருந்த அதே தயக்கம் நாற்பதைத் தாண்டிய எனக்கும் இருந்தது.

அண்ணனிடம் இதைச் சொல்லப் போனபோது எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "புள்ளையக் கூப்பிடு" என்றார். அவள் வந்ததும், "இனிமே என் விரல் உள்ள இருந்தா கத்தணும். கத்தலைன்னாத்தான் எனக்குக் கோபம் வரும்" என்றார்.

மாற்றியவை

சுவரில் கனமான ரப்பர் விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டோம். உறை அதில் பட்டு அப்படியே கீழே விழுகிறது. "லோட்" சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடத்தையும் கழுத்துப் பட்டை முதல் காலணி வரை பார்க்கிறோம். யாராக இருந்தாலும் பார்க்கிறோம்.

அதிகம் உழைத்தது ஒரு பயிற்சிக்காகத்தான். துப்பாக்கி மக்கர் செய்தால் என்ன செய்வது என்று போட்டி விதியில் தெளிவாக இருக்கிறது. பிடியை விடாமல், முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, காலியாக இருக்கும் கையை உயர்த்த வேண்டும். அதை எல்லோரும் பழகியிருக்கிறோம். சட்டைக்குள் உறை விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் பழகியதில்லை. இப்போது பழகுகிறோம். தோட்டா இல்லாத துப்பாக்கியோடு நின்று குறிபார்க்கும் உலர் பயிற்சியின்போது, பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஐஸ் தண்ணீரில் கிடந்த ஒரு காலி உறையைச் சுடுநரின் முதுகுப்பக்கம் போடுவார். சுடுநர் செய்ய வேண்டியது: விரல் வெளியே, முனை முன்னே, துப்பாக்கி மேசைமேல். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் குதிக்கலாம். .22 உறை அதிகம் போனால் ஒரு சின்னக் கொப்புளம் போடும், இரண்டு நாளில் ஆறிவிடும். முதல் நாள் பத்தில் ஏழு பேர் கையைக் கழுத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். நாலாவது வாரத்தில் ஒருவர்கூட அப்படிச் செய்யவில்லை. உடம்பு கற்றுக்கொள்கிறது, நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இதே ஆய்வில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டோம். அது அன்று நடக்கவில்லை, விரைவுச் சுற்றில் என்றைக்கும் நடக்கலாம். மருந்து போதாத தோட்டா ஒன்று வந்தால், 'டப்' என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மெதுவாகச் சுடுகிறவர் 'என்ன சத்தம் இது?' என்று நின்றுவிடுவார். 10 வினாடியில் சுடுகிறவரின் விரல் அடுத்த விசையை இழுத்துவிடும். முன்னால் அடைப்பு இருக்க, பின்னால் இன்னொரு குண்டு வந்தால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். அதனால் சத்தத்திலோ உதைப்பிலோ சிறு வித்தியாசம் தெரிந்தாலும் அந்தச் சுற்றை விட்டுவிட வேண்டும். புள்ளி போனால் போகட்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், முனையை முன்னே வைத்துக்கொண்டு 30 வினாடி காத்திருக்கிறோம். தாமதித்து வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான், ஆனால் உண்டு. இந்த விஷயத்தில் பின்னால் நிற்பவருக்கும் பங்கு இருக்கிறது. காதில் அடைப்பானும் அதன்மேல் மூடியுமாக நிற்கும் சுடுநருக்குத் தன் சத்தத்தின் வித்தியாசம் தெரியாமல் போகலாம், பின்னால் நிற்பவருக்குத் தெரியும். மூடிய அறையில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் என்பதால் இரட்டைக் காதுகாப்பைத் தளர்த்தவும் முடியாது.

ஈயத்தைப் பற்றி ஒரு வரி. உள்ளரங்கில் வேகமாகச் சுடும்போது புகையும் வேகமாகச் சேரும், அதில் ஈயத் துகள் இருக்கும். காற்றோட்டம் ஓடாமல் ஒரு சுற்றும் தொடங்குவதில்லை. தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்தினோம். கையும் முகமும் கழுவாமல் யாரும் தேநீர் பக்கம் போவதில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் சட்டையை மாற்றிக்கொண்டு போகிறார்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு தம்பி கேட்டான். நாம் இருக்கும் நாட்டை யோசித்துப் பார் என்றேன். சட்டவிரோதமாக ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும் உண்டு. ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், யாருக்கும் காயம் படாவிட்டாலும், மரண தண்டனை. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் அப்படி. இந்தக் கண்டிப்பால்தான் நம் ஊரில் இரவு இரண்டு மணிக்கும் பிள்ளைகள் நிம்மதியாக நடந்து வீடு திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் நம்மை நம்பி இந்த விளையாட்டை அனுமதித்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை ஒரு ஜிப்பாவின் கழுத்துக்காக விட்டுவிட முடியுமா?

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. எங்களிடம் இடது கைக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வலப்பக்கம் உறை தள்ளும் துப்பாக்கியை இடது கையில் பிடித்தால், உறை அவர்களுடைய முகத்துக்கு முன்னால் குறுக்கே போகும். அவர்களை எந்தத் தடத்தில் நிறுத்துவது, தடுப்பை எவ்வளவு முன்னால் தள்ளுவது என்று இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம். சென்ற சனிக்கிழமை அண்ணன் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு உறையும் விழுந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று எண்ணி எழுதிக்கொண்டிருந்தாள். அவர் போட்டிருந்தது கழுத்துவரை பொத்தான் மாட்டிய சட்டை.